நாலாவது கால்

டைல்ஸ் ஒட்டுபவருக்கு மனைவியைவிட அரைச்சாண் உயரம் குறைவு. அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை. சமையல் மேடைதான் அவளைப் பழிவாங்கியது. குட்டையான அந்த மேடையில் குனிந்து குனிந்து மாவு பிசைந்ததில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இனிக் குனியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால் அவள் உயரத்துக்கு ஒரு மேஜை. கையை மடித்து அவளை நிற்கவைத்து, முழங்கையிலிருந்து நாலு விரல் கீழே சுவரில் கோடு போட்டார். அதைவிட மேஜை தாழ்ந்தால் முதுகு வளையும், உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும்.

பலகைகள் பழைய கட்டடச் சாரத்திலிருந்து வந்தவை. ஆணிகளைப் பிடுங்கி, கை படும் பக்கத்தை மட்டும் இழைத்து உப்புத்தாள் போட்டார். ரம்பத்தின் தழும்புகளையும் முடிச்சுகளையும் அப்படியே விட்டுவிட்டார். மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் ஊதும், வெயிலில் சுருங்கும். இறுக்கி முடுக்கினால் வெடித்துவிடும். அதனால் சட்டத்தில் திருகு நுழையும் துளைகளை அதே வாக்கில் நீட்டிக் குடைந்து, பலகை நகர இடம் வைத்தார்.

ஹாலில் பூட்டி நிமிர்த்தியபோது மேஜை பாறைபோல நின்றது. பஸ் ஓட்டும் மைத்துனன் மேலே ஏறி உட்கார்ந்து காலாட்டிப் பார்த்தான்.

"அக்கா உயரத்துக்கு மேஜை ஆச்சு. மாமாவுக்கு ஒரு ஸ்டூல் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது."

"முதல்ல இறங்குடா. தூக்கு."

சமையலறையில் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கியதும் மேஜை டொக்கென்று ஆடியது. மூலையில் இருந்த கால் மட்டும் தரையைத் தொடாமல் ஒரு விரல் தடிமனுக்கு அந்தரத்தில் நின்றது. அவர் முகம் சுண்டிப்போனது. மற்ற மூன்று கால்களிலும் பென்சிலால் கோடு கிழித்து ரம்பத்தை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"இது குட்டையாப் போச்சு. மத்ததை இதோட சமமா அறுக்கணும்."

"அறுத்தா மேஜை தாழ்ந்துடுமே. ஒரு விரல்னாலும் குனியறது நான்தானே?"

"ஆடுற மேஜையில கத்தி வெச்சு நறுக்குவியா? விரல் போயிடும். வேற கால் செய்யப் பலகையும் இல்ல."

"மாமா, ஹால்ல ஆடலையே" என்றான் மைத்துனன். "தரையைப் பாருங்களேன்."

"ரெண்டு தரையும் நான் போட்டது. ரசமட்டம் வெச்சுப் போட்டது."

அவரிடம் தரையைக் குறை சொல்வதும் பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதும் ஒன்றுதான். ரம்பத்தின் பல் மரத்தில் பதிந்தது. அவள் ஒரு குவளைத் தண்ணீரை மேஜைக்கு அடியில் ஊற்றினாள். தண்ணீர் மூன்று கால்களுக்கு நடுவில் சோம்பலாகத் தேங்கி நின்றது. அதில் ஒரு நாக்கு நீண்டு நாலாவது காலைத் தொட்டதும் வேகமெடுத்து, மூலையில் இருந்த கழிவுநீர் ஜாலிக்குள் இறங்கிப்போனது.

அவர் ரம்பத்தைக் கீழே வைத்தார். குனிந்து, தண்ணீர் போன வழியை விரலால் தடவிப் பார்த்தார்.

"தண்ணி ஓட வெச்ச வாட்டம்" என்றார். "நீ வழுக்கி விழுந்தியே, அப்புறம் இந்த மூலையை மட்டும் உடைச்சு, தண்ணி நிக்காம நான்தான் இறக்கிப் போட்டேன்."

"போட்டவருக்கே மறந்துபோச்சா?"

"மட்டமா போட்டதுதானே பெருமை. அதுதான் மனசுல நின்னுது."

"அட்டையை மடிச்சு அடியில சொருகிடலாம் மாமா."

"உன் பஸ் சக்கரத்துக்கு அடியில சொருகிக்கோ."

மீந்த துண்டுப் பலகையை அந்தரத்தில் நின்ற காலோடு ஒட்டிப் பிடித்தார். பென்சிலைத் தரையோடு படுக்கவைத்து இழுக்க, சரிவு அப்படியே பலகையில் கோடாக விழுந்தது. அந்தக் கோட்டில் அறுத்தால், துண்டின் ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் மெலிந்தும் வரும். அதுதான் தரையோடு படியும். அப்படியே அறுத்து, பசை தடவி, மர முளை அடித்துக் காலோடு சேர்த்தார்.

"இனி இந்த மேஜை இந்த இடத்துல மட்டும்தான் நிக்கும். நகர்த்தினா ஆடும்."

"நான் நிக்கப்போறதும் இங்கதான்" என்றாள் அவள்.

பசை காய்ந்த மறுநாள் மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். மேஜை அசையவில்லை. அவர் மேஜையைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் நின்று அவள் முதுகையே பார்த்தார். நெட்டுக்குத்தாக நின்றது.

"வலிக்குதா?"

"பேசிட்டே நிக்காதீங்க. இன்னும் ரெண்டு கை மாவு போடுங்க."