வெறுங்கையோடு வந்தவன்

ஆபீசில் அவளுக்குத் துருவி என்று பேர். ஒரு விஷயத்தைக் கேட்க ஆரம்பித்தால் துருவித் துருவிக் கேட்டு எதிராளியைக் குடைந்தெடுத்துவிடுவாள் என்பதால் மாப்பிள்ளை வைத்த பேர் அது. மாப்பிள்ளை பக்கத்து இருக்கைக்காரன். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகியும் மடிப்புக் கலையாத சட்டையோடு மணமேடையிலிருந்து நேராக வந்தவன் மாதிரி வருவான், அதனால் அந்தப் பேர்.

அன்று காலையிலிருந்தே துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் பிடிக்கப் போய் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அண்ணி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். மதியம் ஆபரேஷன். அவளுடையது லேசில் கிடைக்காத ரத்தப் பிரிவு. இது போதாதென்று அவர்கள் புரோகிராமில் ஒளிந்திருந்த அந்தப் பாழாய்ப்போன பக், அதாவது பிழை, வேறு.

சுற்றுவட்டாரத்து ரத்த வங்கிகளின் இருப்பெல்லாம் இவர்களுடைய டேட்டாபேசில்தான் இருந்தது. எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் போக வேண்டும். வொர்க்கர் என்கிற எண்ணும் புரோகிராம் ஒன்றே எல்லாப் பதிவையும் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும் என்று, ஒரே நேரத்தில் பல வொர்க்கர்களை ஏவிவிடும்படி செய்திருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் எண்ணிக்கொண்டு வருவார்கள். கடைசியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டிப் புரோகிராம், எல்லோருடைய கணக்கையும் கூட்டிச் சொல்லும். அந்தக் கூட்டும் ஃபங்ஷனை எழுதியவள் துருவி.

கொஞ்ச நாளாக ஒரு ரத்த வங்கி கிளார்க் விடாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தார்.

"ஃப்ரிட்ஜ்ல பையை என் கண்ணால பாக்கறேன்மா. உங்க ஸ்கிரீன் இல்லவே இல்லைங்குது. நான் எதை நம்பறது?"

எப்போதாவதுதான் அப்படி. துருவி பார்த்தால் கணக்கு கச்சிதமாக இருக்கும். மேனேஜர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "உன் மெஷின்ல வருதா? வரலல்ல? அந்த ஆளைக் கண்ணாடி மாத்தச் சொல்லு."

அவள் விடவில்லை. ஒவ்வொரு வொர்க்கரும் தான் செய்வதை எழுதிக்கொண்டே வரும்படி ஃபங்ஷனுக்குள் லாக் வரிகளைச் சேர்த்தாள். அவ்வளவுதான், பக் இருந்த இடம் தெரியவில்லை. வாத்தியார் வகுப்பில் இருக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வால் பையன்தான். வெளியே போகட்டும், அப்புறம் பாருங்கள்.

மதியம் நெருங்கும்போது அண்ணன் கூப்பிட்டான். ஊரையே அதட்டுகிற மனுஷன், குரல் கம்மிப் போயிருந்தது.

"பாப்பா, அண்ணி ரத்தம் எங்கேயுமே இல்லையாம். ஆபரேஷனைத் தள்ளிப் போடவும் முடியாதாம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"இல்லைன்னு யாருண்ணா சொன்னா? ஃபோன் போட்டுக் கேட்டாங்களா, ஸ்கிரீன்ல பாத்தாங்களா?"

"ஸ்கிரீன்லதான். இப்ப அதுவா முக்கியம்?"

இது நிஜமான 'இல்லை'யா, அல்லது அவளுடைய ஃபங்ஷன் சொல்லும் 'இல்லை'யா?

"ஃபோனை வை. நானே கூப்பிடறேன்."

டேட்டாபேசிலிருந்து காலையில் எடுத்த நகல் அவளுடைய மெஷினில் இருந்தது. அதே கேள்வியை ஓட்டினாள். இருக்கிறது. திரும்ப ஓட்டினாள். இருக்கிறது. லாக் வரிகளை அழித்துவிட்டு ஓட்டினாள். இருக்கிறது. இன்னொரு தடவை.

இல்லை.

"மாப்ளே! ஓடி வா! மாட்டிக்கிச்சு!"

மாப்பிள்ளை வந்து எட்டிப் பார்த்தான். "அடப்பாவி! பச்சைப் பொய்யில்ல சொல்லுது!"

துருவி அதற்குள் அசல் டேட்டாபேசில் நுழைந்து, ஒரே வொர்க்கரை மட்டும் வைத்துத் தேடச் சொல்லியிருந்தாள். அது ஆடி அசைந்து வந்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு திரையைத் திட்டினாள். கடைசியில் பதில் வந்தது. இரண்டு பை, அந்த கிளார்க்குடைய வங்கியிலேயே. அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினாள். அவர் எடுத்ததும் பிரிவைச் சொன்னாள்.

"சார், கொஞ்சம் ஃப்ரிட்ஜைத் திறந்து..."

"திறக்கவே வேணாம். காலையிலதான் பாத்தேன், ரெண்டு பை இருக்கு," என்றார் அவர். "இன்னிக்காவது என்னை நம்பறீங்களே! எடுத்து வைக்கறேன், ஆளை அனுப்பும்மா."

அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். இனி காத்திருப்பதுதான் பாக்கி. ஆனால் சும்மா காத்திருக்க அவளுக்கு எந்த ஜென்மத்திலும் வராது. ஃபங்ஷனைத் திறந்து வரிவரியாகப் படித்தாள்.

லாக் எழுதினால் வொர்க்கர்கள் மெதுவாகிறார்கள், எல்லோருக்கும் பங்கு கிடைக்கிறது. எழுதாமல் விட்டால் முதலில் கிளம்பியவன் எல்லாப் பதிவையும் வாரிச் சுருட்டிக்கொள்கிறான். பின்னால் வருகிறவன் வெறுங்கையோடு திரும்புகிறான். அவன் கணக்கைப் பூஜ்யம் என்று எடுத்திருக்க வேண்டும். அவளுடைய ஃபங்ஷனோ அதைத் 'தெரியாது' என்று எடுத்துக்கொண்டது. தெரிந்ததோடு தெரியாததைக் கூட்டினால் மொத்தமும் தெரியாது. மற்றவர்கள் எண்ணி வந்ததெல்லாம் காற்றோடு போச்சு. திரையை எழுதிய புண்ணியவான் அந்தத் தெரியாததை 'இல்லை' என்று காட்டிவிட்டான்.

நெற்றியில் அடித்துக்கொண்டாள். "டெஸ்ட் எழுதும்போது எல்லாருக்கும் பங்கு பிரிச்சுக் குடுத்தேன் மாப்ளே. ஒருத்தன் சும்மா வருவான்னு தோணவே இல்ல."

"யாருக்குத்தான் தோணும்? விடு."

ஒரே ஒரு வரிதான் மாறியது. வொர்க்கர்களை வேண்டுமென்றே வெறுங்கையோடு அனுப்பிப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது. மேனேஜர் தோளைத் தட்டி, "சின்ன விஷயம்தான்னு அப்பவே சொன்னேன்ல," என்றார். சொல்லவே இல்லை. அவருடன் மல்லுக்கட்ட அவளுக்குத் தெம்பில்லை. திருத்திய ஃபங்ஷன் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அண்ணன் அழுதுகொண்டே பேசினான். "ரத்தம் நேரத்துக்கு வந்துடுச்சு. நல்லபடியா முடிஞ்சுது பாப்பா. கண்ணைத் திறந்து என்னைப் பாத்தா. நீ அந்த ஆபீஸ்ல இருந்தது நம்ம நல்ல நேரம்."

அவளும் அழுதாள். மனசு நிறைந்துதான் அழுதாள். மாப்பிள்ளை தன் மடிப்புக் கலையாத கைக்குட்டையை நீட்டினான். ஆனால் ஃபோனை வைத்த பிறகும் அண்ணன் கடைசியாகச் சொன்னது அவளை விடவில்லை. அண்ணிக்கு இந்த ஆபீசில் ஒரு நாத்தனார் இருந்தாள். மற்றவர்களுக்கு யார் இருந்தார்கள்?

"மாப்ளே, இது ஓட ஆரம்பிச்சதிலிருந்து எந்தெந்த ஆஸ்பத்திரி இல்லைன்னு பதில் வாங்கிச்சு?"

அவன் முகம் மாறியது. "வேணாம் துருவி. அதான் சரி பண்ணியாச்சே. தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

என்ன பண்ணப் போகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் பழைய பதில்களை அன்றன்றைய இருப்போடு ஒப்பிட்டுத் தேடினாள். பொய்யான முதல் 'இல்லை' ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. எழுந்து நின்றுகொண்டே எண்ணை அழுத்தினாள். ஒரு நர்ஸ் எடுத்தாள்.

"போன மாசம் உங்க ஆஸ்பத்திரியில ஒருத்தருக்கு அவசரமா ரத்தம் தேடினீங்க. எங்க ஸ்கிரீன் இல்லைன்னு சொல்லுச்சு," என்றாள் துருவி. எந்தப் பிரிவு, எந்த நாள் என்பதையும் சொன்னாள். "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "நீங்க அவங்களுக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டாள்.