சோம்பேறி நோட்டு

என் வீட்டுக்காரருக்கு மெத்தைக் கடையில் வேலை. வாடிக்கையாளர் முன்னால் மல்லாந்து படுப்பார், துள்ளி எழுவார், "பாத்தீங்களா, முதுகு பூ மாதிரி இருக்கு!" என்பார். சம்பளத்தோடு தூங்குகிற மனுஷன் என்று என் தம்பி கிண்டல் செய்வான்.

அந்த மனுஷன் வீட்டில் காலையில் எழ மாட்டார். வயது முப்பத்தொன்றுதான். ஒருக்களித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, முனகி, எழுந்து நிற்கவே கால் மணி நேரம். ஆனால் பத்து மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல் மாடிப்படியில் தடதடவென்று இறங்குவார். பாத்திரம் கழுவுகிற நேரம் பார்த்து வருகிற வலி, நான் கழுவி முடித்ததும் போய்விடுமாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்?

ஒருநாள் கடையில் புதுமணத் தம்பதி முன்னால் படுத்தவர் எழவில்லை. மாப்பிள்ளை ஒரு கையும் பெண் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கிய கையோடு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

"ஒரு வாரம் அசையாம படுத்து ரெஸ்ட் எடு தம்பி," என்றார் முதலாளி. "அப்பவும் சரியாகலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

ஒரு வாரம் படுத்தே கிடந்தார். வலி கூடித்தான் போனது. வேலை போனால் என்ன செய்வது? டாக்டர் வாயாலேயே "இது நடிப்பு" என்று சொல்லவைத்தால்தான் இவர் திருந்துவார் என்று முடிவு கட்டினேன். ஆதாரம் வேண்டாமா? ஒரு நோட்டுப் போட்டு, பழசையெல்லாம் சேர்த்துத் தினமும் எழுத ஆரம்பித்தேன்.

எதிர்வீட்டு நர்ஸ் சொன்ன மூட்டுநோய் டாக்டரம்மாவிடம் போனோம். இவர் கடைச் சிரிப்பைச் சிரித்து, "லேசான பிடிப்புதான் டாக்டர்," என்றார். நான் நோட்டை மேசையில் போட்டேன். டாக்டரம்மா வாய்விட்டே படித்தார்.

"காலையில் ஒன்றரை மணி நேரம் மரக்கட்டை. நடமாடினால் சரியாகிவிடும். ஞாயிறு முழுக்கப் படுத்தால் திங்கள் படுமோசம். என் தம்பி வீடு மாறியபோது நாள் முழுக்க மூட்டை தூக்கினார், முனகலே இல்லை. வலி ஒரு வாரம் வலது பிட்டத்தில், மறுவாரம் இடதில். பொய் சொன்ன இடம்கூட நினைவில்லை. போன மாதம் ஒரு கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தில் கூசியது. ஓயாமல் போன் பார்த்தால்? ஒன்றரை வருடமாக இதே நாடகம்."

"யாரு எழுதினது?"

"நான்தான்," என்றேன் பெருமையாக.

"நான் கேக்கவேண்டியது எல்லாமே இதுல இருக்கும்மா. சாதாரண முதுகுவலி ரெஸ்ட் எடுத்தா குறையும். இது ரெஸ்ட் எடுத்தா கூடுது, நடந்தா குறையுது. முதுகெலும்பு மூட்டுல அழற்சின்னு நினைக்கிறேன். ரத்தமும் ஸ்கேனும் பாத்துடலாம். கவனிக்காம விட்டா எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போகலாம். கண் மறுபடி சிவந்தா அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போயிடணும்."

ஸ்கேனும் அதையே சொன்னது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ஏங்க, இவ்ளோ வலின்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"தினமும் காலையில சொன்னேன். நீ எழுதிக்கிட்டு இருந்தே."

மாத்திரை, தினமும் உடற்பயிற்சி, வாரம் மூன்று நாள் நீச்சல். முழுசாகப் போய்விடாது, கட்டுக்குள் வைக்கலாம், மாத்திரை போதாவிட்டால் ஊசி இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அவருடைய கடிதத்தோடு முதலாளியிடம் நானே போய்ச் சண்டை போட்டேன். இப்போது இவர் நடந்துகொண்டே பேசுகிறார், முதலாளி படுத்துக் காட்டுகிறார். படுத்ததும் குறட்டை விடுகிறார். விற்பனை கூடியிருக்கிறது.

நோட்டை மட்டும் நிறுத்தவேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஒன்றரை மணி ஒரு மணியானது, பிறகு அரை மணியானது. நான்கு மாதம் கழித்து ஒரு காலை, எனக்கு முன்னால் எழுந்து, பயிற்சி முடித்து, கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொட்டி நிறையப் பாத்திரம்.

"இதெல்லாம் யார் கழுவறது?"

"லேசா முதுகு..." என்று ஆரம்பித்தவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எழுதினேன்: "விறைப்பு ஐந்து நிமிடம். வலி இல்லை. பாத்திரம் கழுவவில்லை. இது சுத்தச் சோம்பேறித்தனம்."

எழுதி முடித்ததும் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே கழுவவைத்தேன்.