ராத்தாவின் கூரைமேல் ஒரு வீடு

2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 18 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் முகில் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று துறைமுக வீதியின் புழுதியை வாரி வீசிக்கொண்டிருந்தது.

எமது சமூகத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே மணம் முடித்து வைப்பர். மூத்த மகள் ஸல்ஹாவின் திருமணத்தின்போது, திருகோணமலை நகரில் எமக்கிருந்த ஒரேயொரு சிறு வளவையும் வீட்டையும் அவளுடைய பெயருக்கு எழுதிக் கொடுத்தோம். நானும் என் கணவர் ஸெய்னுதீனும் அவ்வீட்டின் பின்னறையில் வசித்தோம். பின்னர் இளையவள் நுஸ்ரத்துக்கும் வீடு தேவையாயிற்று. கந்தளாய் வீதியோரம் காடு வெட்டிய காணிகள் விற்பனைக்கு இருந்தன.

“அங்க ஆனை வரும், பஸ் வராது,” என்றார் கணவர். “எல்லாரும் காட்டை வெட்டிக்கொண்டே போனா ஊர் எங்க போய் முடியிறது? இருக்கிற இடத்திலயே மேல எழும்புவம்.”

அக்கருத்து அறிவுடையது என்பதே இன்றும் என் துணிபு. ஆகவே மாடி எழுந்தது. வெளிப்புறமாகப் படிக்கட்டும் அமைந்தது.

அன்று, நுஸ்ரத்துக்குப் பேசிய மாப்பிள்ளையின் தந்தை ஹிஸ்புல்லா கிண்ணியாவிலிருந்து வீடு பார்க்க வந்தார். யன்னலைத் திறந்து கடலைக் கண்டு மகிழ்ந்தார். தேநீர் அருந்தியவாறு வினவினார்.

“வீடு நல்லம் சம்மந்தி. காணி எங்க?”

“காணி கீழ,” என்றார் கணவர்.

“கீழ மூத்த மகள்ட வீடெல்லா?”

“ஓம்.”

“காணிக்காரருக்குத்தானே மேல கட்டினதும் சொந்தம். அப்ப மூத்தவட வீட்டையா என்ட மகனுக்குக் காட்டுறீங்க?”

கணவர் தரையை நோக்கினார். நானும் நோக்கினேன். தரை என்பது வீட்டின் அடிப்பாகம். கூரை என்பது மேற்பாகம். ஆயினும் ஒரே கொங்கிறீட் தட்டு நுஸ்ரத்துக்குத் தரையாகவும் ஸல்ஹாவுக்குக் கூரையாகவும் விளங்கியது. அஃது எவருடையது? கொடுத்த வீட்டின்மீது நாம் எவ்வாறு கட்டினோம்?

“அசர் தொழுதிட்டு வாறன். முடிவொண்டு சொல்லுங்க. குறிஞ்சாக்கேணியிலயும் மகனுக்கு ஒரு இடம் பேசி வந்திருக்கு,” என்று கூறி ஹிஸ்புல்லா இறங்கிச் சென்றார். குசினிக்குள் அடுப்பருகே நுஸ்ரத் விம்முவது கேட்டது.

கீழிருந்தே எல்லாம் கேட்ட ஸல்ஹா இரண்டு வயது மகளை இடுப்பில் ஏந்தியவாறு மேலே வந்தாள்.

“என்ட தலைக்கு மேல கட்டேக்க என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா உம்மா?”

“நீ கீழதானே மகள் இருந்த? பார்த்துக்கொண்டுதானே இருந்த?”

“பார்த்தனான். சீமெந்துத் தூசியைச் சோத்தோட திண்டனான். அதுதான் சம்மதமாக்கும்!”

நுஸ்ரத் வெளியே வந்து, “ராத்தா, உனக்கு ஏலாதெண்டா சொல்லு,” என்றாள்.

ஸல்ஹா தங்கையின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். “மாடியை எழுதித் தாறன். ஆனா இதுக்கு மேல உள்ள வெளி என்ட மகளுக்கு.”

“வெளியை எப்பிடிக் குடுக்கிற?” என்றார் கணவர்.

“என்ட வீட்டுக்கு மேல இருந்த வெளியைத்தானே வாப்பா நீங்க இவளுக்குக் குடுத்தீங்க!”

ஹிஸ்புல்லா திரும்பி வந்ததும் அனைத்தையும் எடுத்துரைத்தோம்.

“அப்ப என்ட மகனுக்கொரு பொம்புளப் புள்ள பொறந்தா?”

அனைவரும் அண்ணாந்து பார்த்தோம்.

“அத்திவாரம் மூண்டு தட்டுத் தாங்கும்,” என்றார் கணவர்.

“நாலாவது?”

கணவர் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கினார். ஹிஸ்புல்லா சிரித்துவிட்டார். “சரி, அதை அவங்க பார்க்கட்டும். கலியாணத்தை முடிவாக்கிப் பாத்திஹா ஓதுவம்.”

ஓதி முடித்தபோது பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடம்.