நீல மையில் ஒரு ‘நான்’

பதினோரு மணிக் காப்பிக்காகக் கப்பலின் முன்கூடத்துக்கு வில்லமீன் வந்தபோது, மூன்று நாட்களாக அவள் உட்கார்ந்துவந்த நாற்காலியில் காகிதத் தோரணம் சுற்றியிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை. சாய்மானத்தில் ஒரு பலூன் வேறு. மேசை மாறிவிட்டோமோ என்று எண்ணைப் பார்த்தாள். பதினான்கு, அவர்களுடைய மேசைதான். ஜன்னலுக்கு வெளியே ரைன் நதி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய பிறந்தநாள் பிப்ரவரி பத்தொன்பது. இன்று செப்டம்பர் பதினேழு. செப்டம்பர் பதினேழு யாருடைய பிறந்தநாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் சொல்லிவிடுவாள்.

எப்படித் தெரியாமல் போகும்? காம்பென் ஊரில், அவள் கணவன் ஏவெர்ட்டின் வீட்டுக் கழிவறைக் கதவின் உட்புறம் பிறந்தநாள் நாட்காட்டி தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அங்கேதான் தொங்கும். உட்கார்ந்தால் சரியாகக் கண் மட்டத்தில் இருக்கும். படிக்காமல் எழுந்து வர வழியில்லை. யாராவது இறந்துபோனால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். ஏவெர்ட் சிலுவை போடவில்லை, செப்டம்பர் தாளைத் தாண்டிப் புரட்டவும் இல்லை. பதினேழுக்கு நேராக, நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் ‘நான்!’ என்று எழுதியிருந்தது. ஹென்னி எழுதியது. ஏவெர்ட்டின் முதல் மனைவி. செத்து ஐந்து வருஷமாயிற்று. ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் அவள் வில்லமீனைப் பார்த்து ‘நான்!’ என்றாள். கல்யாணமாகி வந்த முதல் மாதம், தன் பெயரை யாராவது எழுதுவார்கள் என்று வில்லமீன் காத்திருந்தாள். பிறகு தானே பிப்ரவரித் தாளைப் புரட்டி எழுதிக்கொண்டாள். என்ன எழுதுவது? அந்த வீட்டில் ‘நான்’ என்ற சொல்லை ஏற்கெனவே ஒருத்தி எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆகவே ‘வில்லமீன்’ என்று, பென்சிலால்.

பயணத்துக்கு நாள் குறித்தது ஏவெர்ட்தான். “செப்டம்பர் நடுவுல போலாம் மீன், கூட்டம் இருக்காது” என்றான். அவன் அவளை மீன் என்றுதான் கூப்பிடுவான். பயணச் சீட்டில் தேதியைப் பார்த்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. அவனே சொல்வான் என்று ஐந்து வாரம் காத்திருந்தாள். தினமும் காலைக் காப்பியின்போது பேச்சை அந்தப் பக்கம் இழுத்தாள். அவன் பெட்டியின் சக்கரத்தைப் பற்றிப் பேசினான். மழை வருமா என்று பேசினான்.

இன்னொரு விஷயமும் இருந்தது. அவள் கைப்பையில் ஒட்டப்படாத ஓர் உறை. டெவெந்தரில் இருக்கும் தன் இரண்டறைக் குடியிருப்பைக் காலி செய்துகொடுப்பதாக வீட்டுவசதிச் சங்கத்துக்கு எழுதிய கடிதம் அதில் இருந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷமாகியும் அவள் அந்த வீட்டை விடவில்லை. தையல் இயந்திரம் வைக்க இடம் வேண்டும் என்று ஒரு சாக்கு. “அங்க ஒரு கால் இங்க ஒரு கால்னு எத்தன நாளைக்கு?” என்று ஏவெர்ட் கேட்டுக் கேட்டு, நேற்று மாலை கையெழுத்துப் போட்டிருந்தாள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் கப்பலின் தபால் பெட்டி இருக்கிறது. இன்று மதியம் கப்பல் கோப்ளென்ஸ் ஊரில் நிற்கும்போது அதைத் திறந்து கடிதங்களை எடுத்துப் போவார்கள். வீட்டை விட்டால் விட்டதுதான். அந்த மாதிரி வாடகை வீட்டுக்கு மறுபடி வரிசையில் நின்றால் பதினைந்து வருஷமாகும். அவளுக்கு வயது அறுபத்தொன்பது.

“உக்காருங்க மேடம், உக்காருங்க! இன்னைக்கு நீங்கதான் ராணி!” வரவேற்பு மேசையிலிருந்து இல்சே கைதட்டிக்கொண்டே வந்தாள். பின்னாலேயே சமையல்காரர் கேக்கோடு வந்தார். வில்லமீனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏவெர்ட்டும் ஹென்னியும் இதே கம்பெனியில் ஆறு முறை வந்தவர்கள். பழைய வாடிக்கையாளர் பட்டியலில் திருமதி டெர் ஹோர்ஸ்ட் என்று ஒருத்தி இருக்கிறாள், பிறந்த தேதியோடு. இப்போதும் திருமதி டெர் ஹோர்ஸ்ட்தான் வந்திருக்கிறாள். கணினிக்கு என்ன தெரியும்? இல்லை, இதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் பக்கத்து மேசைப் போஸ்மா அம்மாள் எழுந்து வந்துவிட்டார். எண்பது தாண்டிய விதவை. எங்கள் ஊரில் பிறந்தநாள் என்றால் பிறந்தவருக்கு மட்டும் கைகொடுத்துவிட்டுப் போக முடியாது. கணவனுக்கு, பிள்ளைகளுக்கு, வீட்டில் நாய் இருந்தால் அதற்கும்கூடச் சொல்ல வேண்டும். போஸ்மா அம்மாள் நேராக ஏவெர்ட்டிடம் கையை நீட்டினார்.

“ஏவெர்ட்! உங்க வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள்!”

வில்லமீன் தன் கணவனைப் பார்த்தாள். சொல்லட்டும், இப்போது அவனே சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஏவெர்ட் நீட்டிய கையைப் பார்த்தான். மெதுவாக எழுந்தான்.

“ரொம்ப நன்றிம்மா” என்றான்.

அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். அசெனிலிருந்து வந்த தம்பதி, இரட்டைச் சகோதரிகள், காது கேட்காத கிழவர், கப்பலில் பாதிப் பேர். அவளுக்குக் கன்னத்தில் மூன்று முத்தம், அவனுக்குக் கைகுலுக்கல். “உங்க வீட்டம்மாவுக்கு வாழ்த்துகள்.” “நன்றி.” “வாழ்த்துகள் சார், உங்க மனைவிக்கு.” “நன்றி, நன்றி.” ஒவ்வொரு கைக்கும் அவன் முகம் இன்னும் கொஞ்சம் மலர்ந்தது. கண் ஓரம் பளபளத்தது. கல்யாணத்தன்று நகராட்சி அலுவலகத்தில், அவளுக்கு மோதிரம் போட்டபோது அவனுக்கு இந்த முகம் இல்லை. அன்று மரியாதையான முகம்தான் இருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. கட்டிக்கொண்டவன் உயிரோடு இருக்கிற ஒருத்தியோடு தொடுப்பு வைத்திருந்தால் போய் அவள் தலைமுடியையாவது பிடிக்கலாம். இவளை எங்கே போய்ப் பிடிப்பது?

எல்லோரும் எழுந்து நின்று, நெடுநாள் வாழ வேண்டும் என்று பாடி, கைகளை மூன்று முறை உயர்த்திக் கூச்சல் போட்டார்கள். வில்லமீன் மெழுகுவர்த்தியை ஊதினாள். ஒரே ஊதில் அணைந்தது.

“வயசக் கேக்கக் கூடாது. ஆனா கேட்டா சொல்வீங்களா?” இல்சே கண்ணடித்தாள்.

வில்லமீன் ஏவெர்ட்டைப் பார்த்துக்கொண்டே, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “எழுபத்து மூணு.”

அவன் கையிலிருந்த காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது. அவன் ஹென்னிக்குப் பூ வைக்கப் போகும்போது அவள் கல்லறைத் தோட்டத்து வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வழக்கம். ஒருநாள் தனியாக உள்ளே போய், கல்லில் வருஷத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தாள்.

“எழுபத்து மூணா! சத்தியமா நம்ப முடியல!” என்றார்கள் இரட்டைச் சகோதரிகள். “என்ன தோல் பாரு, அறுபத்தஞ்சு கூட மதிக்க முடியாது!” ஹென்னி உயிரோடு இருந்தபோதுகூட அவளுக்கு இப்படி ஒரு பாராட்டுக் கிடைத்திருக்காது.

மேல்தளத்தில் காற்று அடித்தது. வில்லமீன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏவெர்ட் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றான். எதிர்த்திசையில் ஒரு சரக்குப் படகு ஜல்லி ஏற்றிக்கொண்டு போயிற்று. அதன் பின்புறக் கொடியில் ஒரு குடும்பத்தின் துணிகள் ஆடின. ஏவெர்ட் நாற்பது வருஷம் மற்றவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்தபடியே வாழ்ந்தவன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதும் அவனுடைய வலது கால் தளத்தின் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது.

“எத்தன நாளாத் தெரியும்?” என்றான்.

“ஒன் வீட்டுக் கக்கூஸ்ல உக்கார ஆரம்பிச்ச நாள்லேர்ந்து.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“தேதி பாத்துத்தான பதிவு பண்ணின?”

“ஆமா.”

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ வந்திருக்க மாட்ட.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. “ஏவெர்ட், ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. நீ என்கூட வந்தியா, அவகூட வந்தியா?”

“அன்னைக்கு வீட்ல இருக்க முடியல மீன். முன்னெல்லாம் காலைல எட்டு மணிக்கே போன் அடிக்க ஆரம்பிச்சிரும். அவளக் கூப்பிட்டுட்டு, அப்புறம் எனக்கும் வாழ்த்துச் சொல்வாங்க. அவ போனதும் எல்லாரும் பயந்துட்டாங்க. பையன் கூட அன்னைக்குக் கூப்பிட மாட்டான். பொழுதன்னைக்கும் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்னைக்கு அந்தம்மா கைய நீட்டினாங்களா? அஞ்சு வருஷத்துல மொதக் கை அது. அதப் போய்த் தப்புன்னு எப்படிச் சொல்றது?”

“நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல.”

“ஒன்கூடத்தான் வந்தேன்” என்றான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “ஆனா அந்த நாளுக்காகத்தான் வந்தேன்.”

பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். “ஒன் வீட்ல அவளுக்குப் பேனா, எனக்குப் பென்சில். தெரியுமா ஒனக்கு? நானேதான் எழுதிக்கிட்டேன், வாரக் கடைசிக்கு வந்த விருந்தாளி மாதிரி.”

ஏவெர்ட் உண்மையாகவே யோசித்தான். “பேனாலயே எழுதியிருக்கலாமே நீ?”

அவள் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

வரவேற்பு மேசையில் இல்சே எதையோ கணினியில் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வில்லமீனைக் கண்டதும் எழுந்துவிட்டாள். “மேடம், உங்களத்தான் தேடி வரலாம்னு இருந்தேன். மன்னிச்சிருங்க. பாஸ்போர்ட்ல பிப்ரவரின்னு இருக்கு. இது பழைய பட்டியல்லேர்ந்து வந்திருக்கு. எச். டெர் ஹோர்ஸ்ட்னு வேற ஒருத்தங்க…”

“அவங்க செத்து அஞ்சு வருஷமாச்சு.”

இல்சேயின் கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. “கடவுளே. அந்தத் தோரணம், கேக்கு, பாட்டு…” வாயைப் பொத்திக்கொண்டாள். “இப்பவே எடுத்துடறேன் மேடம். எடுத்துடவா?”

இந்தக் கேள்வியை வில்லமீனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவள் பிறர் வீட்டு ஜன்னல்களுக்கு முப்பது வருஷம் திரைச்சீலை தைத்தவள் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை. ஹென்னி வாங்கிய திரைதான் இன்னும் தொங்குகிறது. அவளுடைய மஞ்சள் தேநீர்ப் பானை இருக்கிறது, சமையலறைக் கொக்கியில் மேலங்கி இருக்கிறது. எடுத்துவிடவா என்று ஏவெர்ட் ஒரு தடவை கேட்டிருந்தால், இருக்கட்டும் என்று அவளே சொல்லியிருப்பாள். பெருந்தன்மையாகச் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

“எடுத்துடுங்க” என்றாள். கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

இல்சே ஒரு பொத்தானைத் தட்டினாள், பிறகு இன்னொன்று. “முடிஞ்சது மேடம். இனிமே அந்தப் பேரு எங்கயும் வராது.”

வில்லமீனுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம். கைப்பையைத் திறந்து உறையை எடுத்தாள். நாவால் நனைத்து ஒட்டினாள். தபால் பெட்டி ஒரு கை தூரத்தில், வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“மீன்!” ஏவெர்ட் கையில் ஒரு தட்டோடு படியிறங்கி வந்தான். தட்டில் ஒரு துண்டு கேக் இருந்தது. மூச்சு வாங்கியது. “போஸ்மாம்மாகிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு ஒனக்குப் பொறந்தநாள் இல்லன்னு சொன்னேன். யாருக்குன்னும் சொல்லிட்டேன். என்ன பண்ணாங்க தெரியுமா? எந்திரிச்சு நின்னு மறுபடியும் ஒரு தடவ கை குடுத்தாங்க. ‘அப்ப இது அவங்களுக்கு’ன்னாங்க.” அவன் இல்சேயின் பக்கம் திரும்பினான். முகம் இன்னும் அப்படியே மலர்ந்திருந்தது. “ஏம்மா, தப்பு நடந்துபோச்சுன்னு அந்தத் தேதிய எடுத்துகிடுத்து வெச்சிராதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். என் மனைவி ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா.”

இல்சே வில்லமீனைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த சாவிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

சொல்லாமலே இருந்துவிடலாம். அடுத்த வருஷம் தோரணம் கட்டவில்லை என்றால் கம்பெனிக்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வான். செப்டம்பர் பதினேழு அன்று எல்லோரும் காப்பி குடிப்பார்கள். யாரும் அவனிடம் எழுந்து வர மாட்டார்கள். அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஏன் என்று அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அந்தக் காட்சி அவளுக்கு இனிக்கும் என்றுதான் நினைத்தாள். இனிக்கவில்லை.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றாள்.

“எத?”

“அவ பேர. இப்பத்தான். அழிச்சாச்சு.”

ஏவெர்ட்டின் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. அவனுடைய வலது கால் மட்டும் கம்பளத்தை அழுத்தியது, இல்லாத பிரேக்கைத் தேடி. கப்பல் வேகம் குறைந்துகொண்டிருந்தது. ஜன்னலில் கோப்ளென்ஸின் கரை மெதுவாக நெருங்கி வந்தது.

வில்லமீனுக்கு ஹென்னியின் மேல் இருந்த பொறாமை போகவில்லை. அது பாட்டுக்கு அடிவயிற்றில் இருந்தது. எங்கே போகும்? இருந்தும் அவளுடைய வலது கை, போஸ்மா அம்மாள் நீட்டியதைப் போலவே, அவன் முன்னால் நீண்டது.

“வாழ்த்துகள் ஏவெர்ட்” என்றாள். “ஒன் வீட்டம்மாவுக்கு.”

அவன் அந்தக் கையைப் பார்த்தான். அவளுடைய இடது கையில் இருந்த உறையையும் பார்த்தான். அவனுடைய வலது கையில் தட்டு இருந்தது. வைக்க இடம் தேடி, கடைசியில் தபால் பெட்டியின் தலைமேல் வைத்தான். பிறகு, விரல்களில் ஒட்டியிருந்த கிரீமைக் கால்சட்டையில் துடைக்க ஆரம்பித்தான். ஒரு விரல், அப்புறம் அடுத்த விரல், அவசரமே இல்லாமல். வில்லமீன் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.