நீங்க எந்தக் கோயிலு?

1

இந்தக் கதை, தப்பான வாட்ஸ்அப் குழுவில் விழுந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் இன்னமும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அதனால் பெயர், வேலை, கோயில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘மனிதர்களை இணைக்கும் மாபெரும் வலையாகிய...’ வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

2

சௌபர்ணிகா காரைக்குடியில் ஒரு பங்களா விடுதியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள். அவள் கண்கள் இரண்டும் கடல்... (விடுங்கள், அவள் கண்ணாடி போட்டவள்.) அவள் போட்ட கவுனி அரிசி இனிப்பு வீடியோவின் கீழே, ஓசூரில் வேலை பார்க்கும் ராமநாதன், “சர்க்கரை கூடிப்போச்சு” என்று எழுதினான். சண்டைக்குப் போனாள். சண்டை ஒரு வருஷம் நீடித்து, இப்போது அவன் “சாப்ட்டீகளா?” என்று கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

(இருவரும் நகரத்தார். நகரத்தார் இருவர் சந்தித்தால் முதல் கேள்வியே “எந்தக் கோயிலு?” என்பதுதான். மொத்தம் ஒன்பது கோயில்கள். ஒரே கோயில் என்றால் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. கல்யாணப் பேச்சே கிடையாது. இன்ஸ்டாகிராமில் அந்த முதல் கேள்வி விட்டுப்போனது. பிறகு கேட்கப் பயம். அவளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான்.)

3

ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். இன்ஸ்டாகிராமில் கேட்டால் விளையாட்டாகிவிடும், கல்யாணக் காரியத்துக்கு வாட்ஸ்அப்தான் மரியாதை என்று அவளுக்கு ஒரு நினைப்பு. “நீங்க எந்தக் கோயிலு?” என்று தட்டினாள். பதற்றத்தில் அது போய் விழுந்த இடம், அவள் கோயில்காரர்களின் ‘நேமங்கோயில் பங்காளிகள்’ குழு.

பெரியப்பா முறையாகும் சத்தியமூர்த்திப் பெரியப்பச்சியின் குரல்பதிவு உடனே வந்தது: “என்னாத்தா, காய்ச்ச கீய்ச்ச அடிக்குதா? நம்ம கோயிலே மறந்துபோச்சா?”

அக்கா முறையாகும் சிகப்பி ஆச்சி விவரமானவள். “அது நமக்கு வந்த கேள்வி இல்ல, பெரியப்பச்சி. யாருடி அந்தப் பையன்?”

பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டுமே ஃபேஸ்புக் பக்கம் போகிற பெரியப்பச்சி, அங்கே அவளுடைய நண்பர்கள் படத்தை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த மீசைக்காரனா ஆத்தா?”

(இவரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். மனுஷன் அதற்குள் கல்யாணச் சமையல்காரருக்குப் போன் போட்டுவிட்டார்.)

4

“யாரும் தேடாதீக பெரியப்பச்சி, நானே கேட்டுக்கிறேன்” என்று எழுதிவிட்டு, எல்லாவற்றையும் மூடினாள். நேரே அவனுக்குப் போன் போட்டாள்.

“நான்தான். நீங்க எந்தக் கோயிலு?”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “நாந்தான் முதல்ல கேட்டிருக்கணும். பயமா இருந்துச்சு. நாங்க...”

ஒரு வரைவில் ‘நேமங்கோயில்’ என்று எழுதினேன். அவள் அழுதாள், எனக்குப் பொறுக்கவில்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அடுத்த வரைவில் வேறு கோயிலைப் போட்டேன். மறு வரியிலேயே எல்லாரும் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள், எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆகவே கோயில் பெயரை நீங்களே எழுதுங்கள். ஒன்பதில் எட்டு அவள் பக்கம். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.