பதினாறடி கெங்கம்மாள்

புனிதா தன் அம்மாவின் கண்ணைப் பெரிதாக்கினாள். திரையில் கண் காணாமல் போய், சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் நின்றன.

அம்மா கெங்கம்மாள் விடியற்காலையில் இறந்திருந்தாள். மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்து அழவேண்டிய மகள், முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்து, வேலை செய்யும் பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

2009 தை மாதம் அது. திண்டிவனத்தில் எந்தத் தெருமுனையிலும் அவள் செய்த பேனர் ஒன்று இருக்கும். கட்சிக்காரர்களைப் புலிமேல் உட்காரவைத்திருக்கிறாள். மாப்பிள்ளைகளை ஹெலிகாப்டரிலிருந்து இறக்கியிருக்கிறாள். கல்யாணமோ சாவோ, ஆளுயரத்துக்கு மேல் நின்றது ஆண்கள்தான். பெண்கள் மூலையில் ஒரு வட்டத்துக்குள் வருவார்கள். மீன்கூடையோடு மார்க்கெட்டுக்கு வரும்போதெல்லாம் கெங்கம்மாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்பாள்.

"இவனுங்கோ இன்னாத்தப் பண்ணிட்டானுங்கன்னு இம்மாம் பெருசா நிக்கிறானுங்கோ?"

கெங்கம்மாள் செய்தது புனிதாவுக்குத் தெரியும். கடலுக்குப் போன புருஷன் திரும்பாத வருஷம் கூடையைத் தலையில் ஏற்றியவள். மார்க்கெட் குத்தகைக்காரன் மீன்காரப் பெண்களை வெயிலில் தள்ளியபோது, கூடையை நடுரோட்டில் இறக்கிவைத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். லாரிகள் விழுப்புரம் ரோடு வரைக்கும் நின்றன. சாயங்காலம் பெண்களுக்கு நிழலில் இடம் கிடைத்தது.

அவளுடைய படங்கள் இரண்டுதான் இருந்தன. வாக்காளர் அட்டையில், பிடிபட்ட திருடியைப்போல விழித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று புனிதா மொபைலில் எடுத்தது. ஒரு கையில் கத்தி, மறுகையில் வஞ்சிரத்தின் தலை. பேரம் பேசிய யாரையோ பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். படமோ கட்டைவிரல் அளவு.

அண்ணன் வல்லரசு போன் செய்தான். அட்டைப் படமே போதும், குத்துவிளக்கும் இரண்டு புறாவும் வைத்து அனுப்பு என்றான்.

"செத்தவங்க பல்லக் காட்டிக்கினு நிக்கக் கூடாதுன்றாரு மாமா."

"அம்மா எப்பண்ணா வாய மூடிக்கினு இருந்துச்சி?"

அவன் போனை வைத்துவிட்டான்.

புனிதா கட்டங்களை மழுக்கிப் பார்த்தாள். மழுக்க மழுக்க முகம் வெளுத்து, யாரோ காலண்டர் சாமியாகிவிட்டது. எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு கட்டங்களை மறைப்பதை விட்டுவிட்டாள். சாம்பல் நிறத்தை எடுத்துவிட்டு நாலே வண்ணத்தில் முகத்தைப் பிரித்தாள். கூந்தலும் நிழலும் அடர்நீலம். தோல் மஞ்சள். புடவையும் உதடும் ராணி ரோஸ். மீன் தலை பச்சை. சதுரங்களை வட்டப் புள்ளிகளாக்கி, ஒவ்வொன்றையும் காசு அளவுக்கு ஊதவைத்தாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தபோது, புள்ளிகள் சேர்ந்து அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. கீழே பெயரை மட்டும் போட்டாள். பத்துக்குப் பதினாறடி.

கடைக்காரர் மணிமாறன் படத்தைப் பார்த்தார். தானே போய் மெஷினைப் போட்டார். முதலில் கூந்தல் வந்தது, பிறகு நெற்றி, கண்கள். பற்கள் வந்தபோது புனிதா வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

சுருட்டிய பேனரோடு அவள் ஊர் சேர்ந்தபோது, கெங்கம்மாளின் தம்பி அப்பாதுரை தெருமுனையில் வழிமறித்தார். சினிமாக் கொட்டகை வாசல்போல இதைக் கட்டினால் ஊர் காறித்துப்பும் என்றார். வல்லரசு வந்து ஒரு ஓரத்தைப் பிரித்தான். முகம் தெரியும் வரைக்கும் பிரித்தான். அப்பாதுரையிடம் திரும்பினான்.

"பெரிய சவுக்குக் கழியா எடுங்க மாமா. சின்னது தாங்காது."

பிணத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தபோது, மேளக்காரர்கள் அங்கே கட்டியிருந்த பேனரை நிமிர்ந்து பார்த்து அடியைத் தவறவிட்டார்கள். பிறகு முன்னைவிட வேகமாக அடித்தார்கள். புதுச்சேரி பஸ் ஒன்று தானாக நின்றது. ஜன்னல்களிலெல்லாம் தலைகள். யாருங்க இவங்க என்று டிரைவர் இறங்கிவந்து கேட்டார்.

அப்பாதுரைதான் பதில் சொன்னார்.

"எங்க அக்கா. திண்டிவனம் ரோட்டையே நிறுத்துனவ."

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். வழக்கப்படி பெண்கள் தெருமுனையிலேயே, பேனருக்கு அடியில் நின்றுவிட்டார்கள். மார்க்கெட்டிலிருந்து வந்தவர்களின் முழங்கையில் செதில் ஒட்டியிருந்தது. அவர்களில் தைலம்மாள், கெங்கம்மாளுக்குப் பக்கத்தில் கூடை போட்டவள், வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசம் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன். இவ இம்மாம் அழகுன்னு தெரியலியே."

பிறகு புனிதாவின் கையைப் பிடித்தாள்.

"என்னியும் ஒண்ணு எடுத்து வெச்சிக்க புனிதா. இப்பவே எடு. இல்லன்னா அந்தக் கார்டு போட்டோவப் போட்டுடுவானுங்கோ."

தனக்கும் வேண்டும் என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. இன்னொருத்தியும் வந்தாள். புனிதா மொபைலை எடுத்தாள்.

"சிரிக்கவா, திட்டவா?" என்றாள் தைலம்மாள்.

"உங்க இஷ்டம் பெரிம்மா."

தைலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகி, இடுப்பில் கைவைத்து, தாடையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நின்று, அவிழ்ந்த கொண்டைகளை இறுக்கி முடிந்துகொண்டிருந்தார்கள்.