கயிறு கட்டிய குழி

2024 ஜூன் ஒன்பதாம் தேதி மாலை, ஆவடி சேக்காட்டில் தேவராஜ் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மூடப்படாத லிஃப்ட் குழியில் விழுந்து, உத்தமனின் இடது கணுக்கால் முறிந்தது. தவறு முழுவதும் தேவராஜுடையதே என்பது உத்தமனின் புகார்.

இருவரும் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். உத்தமனுக்கு இரண்டு அறை வீடு. எதிரே தேவராஜுக்கு இரண்டு மாடி, அதற்கொரு லிஃப்ட்! அதைக் கேட்ட நாள்முதல் உத்தமனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அவரு ஊட்ல லிஃப்ட் வெச்சா உனக்கு இன்னாய்யா வவுறு எரியுது?" என்றாள் மனைவி ஹேமாவதி.

உத்தமன் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினார். தேவராஜ் தரப்புப் பதிலில் இரண்டு வாதங்கள் இருந்தன. அபாயம் தெரிந்தே உத்தமன் அதைத் தாமாக ஏற்றார் என்பது ஒன்று. நிலைத்தால் இழப்பீடே இல்லை. அவருடைய கவனக்குறைவுக்கும் பங்குண்டு என்பது மற்றொன்று. நிலைத்தால் இழப்பீட்டில் அந்தப் பங்கு கழியும்.

"குழியைச் சுத்திச் சிவப்புக் கயிறு இருந்துச்சா, சார்?" என்று கேட்டார் உத்தமனுடைய அம்பத்தூர் வழக்கறிஞர் அனுசுயா.

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் தாண்டினீங்க?"

"ஃபாக்டரில முப்பது வருஷம் அந்தக் கயித்தக் கட்டினதே நான்தாம்மா! சேஃப்டி இன்ஸ்பெக்டர். கயிறெல்லாம் மத்தவங்களுக்கு. உள்ள பலகை போட்டு மூடியிருப்பான்னு நெனச்சேன்."

"நல்லது. திறந்து கெடந்தது தெரியாதுன்னா, ஆபத்தை ஏத்துக்கிட்டீங்கன்னு சொல்றது கஷ்டம். ஆனா உங்க பங்குன்னு ஒண்ணு வரும். உள்ள எதுக்குப் போனீங்க?"

உத்தமன் உண்மையைச் சொன்னார். லிஃப்டில் இருவருக்கு மேல் நிற்க இடமிராது என்ற நம்பிக்கையில், அகலத்தை அளக்க டேப்புடன் போயிருந்தார்.

அன்று மாலை தேவராஜே வந்தார். "இன்னாத்துக்குப்பா கேஸு? ஆஸ்பத்திரி செலவு மொத்தமும் நான் பாத்துக்குறேன். லிஃப்ட் வரட்டும், அதுலயே மொட்ட மாடிக்கு வா, காத்து வாங்கலாம்."

முறிந்த எலும்பைவிட அந்தத் தயவு அதிகமாக வலித்தது. வாங்கிக்கொண்டால் தேவராஜ் வள்ளலாகிவிடுவார்; குற்றவாளி ஆகமாட்டார். அவர் போனதும் உத்தமன் அனுசுயாவுக்குத் தொலைபேசினார்.

"டேப் எடுத்து அளக்கப் போனதையும் எழுதும்மா. என் பங்கு போனா போகட்டும். அவன் மேலயும் தப்புன்னு கோர்ட்டு சொல்லணும்."

வாசகரே, இருவரும் நல்லவர்களே என்று நழுவாதீர். கயிற்றைத் தாண்டியவருக்கு எத்தனை பங்கு, குழியைத் திறந்து வைத்தவருக்கு எத்தனை பங்கு? நூற்றுக்கு இத்தனை என்று இப்போதே சொல்லும்.